இந்த ஊரில் என்னென்ன வேலை இருக்கிறது

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் தூறல். குடையை அண்ணன் எடுத்துப் போய்விட்டார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆபீஸ். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் ஜன்னலில் இன்னும் தொங்குகின்றன. சிவப்புச் சாயம் சுவரில் ஒழுகிக் கோடு கோடாக. கழற்றச் சொல்லி யாருக்கும் உத்தரவு வரவில்லை.

வேலை கேட்டு வருகிறவர்களைப் பதிவு செய்யும் கௌண்டரில் எனக்கு இது ஐந்தாவது மாதம். தற்காலிகம்தான். தமிழில் கேட்டு இங்கிலீஷில் கார்டு எழுத வேண்டும். பெயர், வயது, ஊர், தெரிந்த வேலை. கார்டு பெட்டிக்குள் போகும். ஆள் வேண்டும் என்று ஏதாவது முதலாளி சீட்டு அனுப்பினால் பெட்டியைத் திறப்போம். பெட்டி நிறைந்து வழிகிறது. சீட்டு வருவது எப்போதாவது.

இன்று ஒரு பெண். அங்கம்மாள், வயது முப்பத்தெட்டு. பதினொரு வயதிலிருந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்தை வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் துண்டு போட்டுப் பிரித்துக்கொண்டு பழைய ஆட்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். கணவருக்கு முழங்கால் சரியில்லை. பெண் பிள்ளைகள் இரண்டு. நால்வரும் புக்கிட் ரம்பாயில் நாத்தனார் வீட்டுப் பின்கட்டில்.

வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "என்னா வேல வேணும்க்கா?"

"இந்த டவுன்ல என்னென்னா வேல இருக்கு, கிராணியம்மா?"

"நீங்க தேடுறதச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"கடையில என்னா சாமான் இருக்குன்னு தெரியாம நான் எதக் கேக்கிறது? நீங்க மொதல்ல சொல்லுங்க. எது எனக்கு வரும்னு அப்புறம் நான் சொல்றேன்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் தெரியவில்லை. 'எந்த வேலையும்' என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். வெட்கமாக இருந்தது.

அண்ணிக்கு ஊசி நூல் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வெயில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஆற்றோரம் நடை. பார்த்தது, கேட்டது:

பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஆபீஸ் பலகைகளையெல்லாம் மாற்றுகிறார்களாம். மூச்சு விட நேரமில்லை. புதிதாக இரண்டு பேர் சேர்த்திருக்கிறார், அதில் ஒருவர் எழுத்தை விட்டுவிடுகிறாராம்.

போட்டோ ஸ்டூடியோ. பிரஜாவுரிமைப் பாரத்துக்குப் படம் வேண்டுமே. வாசல் வரை கூட்டம். வருகிறவர்களுக்குத் தலை சீவிவிட்டு, பொத்தானைச் சரிசெய்ய மட்டும் ஒரு பெண்! அதுவும் ஒரு வேலை. நல்ல சம்பளமா என்று கேட்டேன். "கழுத்து வலி," என்றாள்.

மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்துப் பாரம் நிரப்பித் தருகிறவர். போன வருடம் ஒருவர், இப்போது நான்கு பேர்.

ஐஸ் ஆலை. மீன் லாரிகளுக்கு. ஆண்கள் மட்டும்.

தோணிக்காரர்கள். இங்கே கப்பல் கரைக்கு வர ஆழம் கிடையாது. எட்ட நிற்கும், சாமானைத் தோணியில்தான் இறக்க வேண்டும். ஆழம் வந்தால் இவர்கள் வேலை போகும். யோசிக்க வேண்டிய விஷயம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். பெண்கள் எடுக்கிறார்கள். இங்கிலீஷ் வேண்டும்.

ஆஸ்பத்திரி ஆயா. சிபாரிசு வேண்டும்.

ஐந்து மாதமாக இதே தெருவில்தான் போய் வருகிறேன். ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. கேட்டால் எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லக் காத்திருந்தவர்கள் மாதிரி.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்தார். நாங்கள் குடியிருக்கும் இந்தக் காஜா பெராங்கில் பாதிப் பேர் அவர் ஆட்கள், சிட்டிகள், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து பேச்சு மலாயாகிப்போன தமிழர்கள். எங்களைவிட ஒழுங்காக மாரியம்மனுக்கு விளக்கு வைப்பார்கள், வேண்டிக்கொள்வது மலாயில். பட்டியலைப் பற்றிச் சொன்னேன். "கெபாயாச் சட்டைக்குப் பூ வேலை செய்கிறவர்களை எழுதினாயா?" என்றார் மலாயில். இந்தச் சந்திலேயே மூன்று வீட்டில் செய்கிறார்களாம். எனக்குத் தெரியாது. எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 11, புதன்

அண்ணன் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள். கூட்டாளி கடிதம் போட்டிருக்கிறார். மாதக் கடைசியில் போகிறாராம். வீடு பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் அழைத்துக்கொள்வாராம்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த ஊருல என்னா இருக்கு?" என்றார் அண்ணன். "துறைமுகம்னு பேரு, கப்பல் கிட்ட வராது. சண்டையில ரயில் ரோட்டப் பேத்துட்டுப் போனான் ஜப்பான்காரன், இன்னும் திரும்பப் போடல. இங்க பத்து வருசம் இருந்தாலும் அதே ஸ்பேனர்தான், அதே பஸ்ஸுதான்."

"இருக்குண்ணே. ஒங்களுக்குத் தெரியல," என்றேன். பட்டியலை எடுத்துப் படித்தேன். தலை சீவிவிடும் பெண்ணிடம் வந்ததும் சிரித்துவிட்டார்.

"அதுல எனக்கு எது, தனம்?"

பிட்டருக்கு? தேடினேன். ஐஸ் ஆலை மெஷின் ஒன்றுதான். தாளை மடித்துவிட்டேன். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெரிய எஞ்சினைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறார். அந்த ஆசை எனக்குப் புரிகிறது.

செப்டம்பர் 12, வியாழன்

சீட்டு வந்தது! குருபோங் போகிற ரோட்டில் புதிதாகக் கட்டியிருக்கும், ஷூ செய்யும் சப்பாத்து ஆலையிலிருந்து. ரப்பர் அடிப்பாகம் ஒட்டும் வேலை. பெண்கள் ஐந்து பேர். மலாய் பேச வேண்டும். கல்யாணமாகாதவர். வயது இருபத்தைந்துக்குள்.

பெட்டியில் நான்கு கார்டுதான் பொருந்தியது. நான்கு அறிமுகச் சீட்டு எழுதினேன். ஐந்தாவது இல்லை.

பதினொரு மணிக்கு அங்கம்மாள். வேலை ஏதும் வந்ததா என்று பார்க்கப் புக்கிட் ரம்பாயிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். காலில் செம்மண். பட்டியலைச் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் கேட்டார். நடுநடுவே கேள்வி. "அந்த ஐசு எப்புடிம்மா செய்றாங்க? உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?" எனக்கு அதுவும் தெரியவில்லை.

சப்பாத்து ஆலையில் ரப்பர் வேலை என்றதும் நிமிர்ந்தார். "கித்தாவா? அது எனக்கு வரும். அத எழுதுங்க."

"வயசு கேட்டிருக்காங்கக்கா. இருவத்தஞ்சுக்குள்ள. கல்யாணம் ஆகாதவங்க."

"கித்தா ஒட்டுறதுக்கா?"

"ஆமா."

கௌண்டர் மரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது அறிமுகச் சீட்டை அவர் பெயரில், வயது 24 என்று எழுதினேன். கல்யாணக் கட்டத்தில் 'இல்லை'. முத்திரை குத்தினேன். கை தானாகச் செய்தது என்று எழுதலாம், ஆனால் இது என் டைரி. தெரிந்துதான் செய்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதினேன் என்று நான் சொல்லவும் இல்லை.

செப்டம்பர் 14, சனி

அரை நாள். ஊசி நூல் வாங்கியாயிற்று. நீல ரவிக்கைக்குக் கை பத்தவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். தாலி கட்டிய பெண்ணைக் கல்யாணமாகாதவள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் அங்கே போய் நிற்கும்போது?

இன்று கேள்விப்பட்டவை: கடற்கரைப் பக்கம் பட்டாளத்துக்குப் பெரிய கேம்ப் வரப்போகிறது. கொத்தனார், தச்சர், சமையல், சலவை எல்லாம் வேண்டுமாம். சொன்னவர் காப்பிக்கடைக்காரர். எவ்வளவு நிஜம்?

ஐஸ் நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள். சுற்றிலும் உப்புத் தண்ணீர். போய்க் கேட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

எழுத்து கோணல்.

துவான் ஹாஷிம் கூப்பிட்டார் (துவான் என்றால் ஐயா; இனி து.ஹா.). போன மாதம் ஊர் திரும்பிய வெள்ளைக்காரரின் இடத்துக்கு வந்திருக்கும் புது அதிகாரி. முப்பது வயதுதான் இருக்கும். நாற்காலியில் இன்னும் அந்த வெள்ளைக்காரரின் மெத்தை.

மேஜையில் இரண்டு தாள். ஒன்று பெட்டியில் இருந்த அங்கம்மாளின் கார்டு, 38. இன்னொன்று நான் கொடுத்து, ஆலையிலிருந்து திரும்பி வந்த அறிமுகச் சீட்டு, 24. ஆலையின் சூப்பர்வைசர் அந்த அம்மாளை வேலை இல்லை என்று அனுப்பிவிட்டு டெலிபோன் செய்து, உங்கள் ஆபீஸில் கண் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாராம்.

"யார் கையெழுத்து?" மலாயில்தான் கேட்டார்.

"என்னுடையது, துவான்."

"தவறி எழுதியதா?"

ஆம் என்று சொல்ல இடம் கொடுத்தார். இப்போது யோசிக்கும்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

"இல்லை, துவான். தெரிந்தே எழுதினேன். வயது கேட்டிருந்தார்கள். வேலை தெரியுமா என்று கேட்கவில்லை."

"வயது எதற்கு என்று நீங்கள் அவர்களைக் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. ஊரெல்லாம் போய்க் கேள்வி கேட்டவள், கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் பொய் எழுதியிருக்கிறேன்.

"அந்த அம்மாளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவர் மேல் தவறில்லை."

ஜன்னலைப் பார்த்தார். கொடிகளைக் கழற்றச் சொல்வார் என்று நினைத்தேன். "நாளைக் காலை எட்டரைக்குத் தயாராக இருங்கள். ஆலைக்குப் போகிறோம். எனக்கும் அந்தக் காரணம் தெரிய வேண்டும்," என்றார்.

வீட்டில் சொன்னேன். அண்ணன் கத்தினார். "நிரந்தரம் ஆவுற நேரத்துல இது ஒனக்குத் தேவயா? யாரு அந்தம்மா, ஒனக்கு ஒறவா?" அண்ணி என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

செப்டம்பர் 18, புதன்

ஆபீஸ் காரில் முதல் தடவை. முன்சீட்டில் து.ஹா., பின்னால் நான்.

ஆலை வாசலில் அங்கம்மாள்! மரத்தடியில், மடியில் சோற்றுப் பாத்திரம்.

"என்னக்கா, நேத்தே அனுப்பிட்டாங்கன்னு சொன்னாங்களே?"

"வேல இல்லன்னாங்க. போன்னு சொல்லல," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாக, "என்னக் கொமரின்னு எழுதிப்புட்டீங்களாமே? அந்தச் சீனரு படிச்சிக் காட்டுனாரு. எல்லாப் புள்ளைங்களும் சிரிச்சிச்சிங்க. தாலிய உள்ள தள்ளிக்கிட்டு நின்னேன்."

"மன்னிச்சிருங்கக்கா," என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அந்தச் சீனர்தான் சூப்பர்வைசர், பெயர் லிம். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். உள்ளே அழைத்துப் போனார். எவ்வளவு சத்தம்! ரப்பரும் பசையும் சேர்ந்த வாசனை. நீள மேஜைகள். பெண்கள் இரண்டு வரிசை. அச்சிலிருந்து சூடாக வரும் அடிப்பாகத்தின் ஓரத்தைக் கத்தரிப்பது, பசை தடவுவது, துணியோடு ஒட்டுவது. கண்ணை எடுக்க முடியவில்லை என்னால். வந்த காரியத்தையே மறந்துவிட்டேன்.

து.ஹா. கேட்டார்: "ஏன் இருபத்தைந்துக்குள்?"

லிம் விரல் விட்டுச் சொன்னார். மெஷின் வேகம், கண் பார்வை வேண்டும். கல்யாணமானவர்களுக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் காய்ச்சல். வேலைக்கு வர மாட்டார்கள்.

"இந்த வரிசையில் ஆரம்பத்திலிருந்து இருப்பவர்கள் யார்?" கேட்டது நான். து.ஹா. திரும்பிப் பார்த்தார். தடுக்கவில்லை.

லிம் மேஜையைப் பார்த்தார். இரண்டு பேரைக் காட்டினார். மற்றவர்கள்? வேலை கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆகும். கை படியும் நேரத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிடும். போய்விடுவார்கள். மறுபடி புது ஆள், மறுபடி மூன்று மாதம். சொல்லச் சொல்ல அவருக்கே எரிச்சல். காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினார்.

து.ஹா. வாசல் பக்கம் கை காட்டினார். "வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்குக் கல்யாணம் ஏற்கனவே முடிந்துவிட்டது. கல்யாணத்துக்காக வேலையை விட மாட்டார்."

லிம் ஒரு கணம் விழித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். மேஜையில் இருந்த பெண்களும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே.

அங்கம்மாளைக் கூப்பிட்டார்கள். லிம் மலாயில் கேட்டார்: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? அங்கம்மாளின் மலாய் தோட்டத்து மலாய், நான்கு வார்த்தைதான், ஆனால் தடுக்கவில்லை. வீட்டில் கணவர் இருக்கிறார், அவர்தான் சமையல், பிள்ளை எல்லாம் அவர் பார்ப்பார். இருபத்தேழு வருடம் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றிருக்கிறேன், உங்கள் ஆலை எட்டு மணிக்குத்தானே திறக்கிறது?

பசை தடவிக் காட்டச் சொன்னார்கள். முதல் அடிப்பாகம் பாழ். பசை அதிகம். இரண்டாவதும் கோணல். மூன்றாவதை எடுக்கும் முன் பக்கத்துப் பெண்ணின் கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எடுத்தார். சுமார். லிம் வளைத்துப் பார்த்தார்.

"இரண்டு வாரம் பார்க்கலாம்," என்றார்.



செப்டம்பர் 20, வெள்ளி

மழை. கொடிகள் தாமாகவே அறுந்து விழுந்துவிட்டன.

து.ஹா. முன் மறுபடி. சுற்றி வளைக்காமல் சொன்னார். நான் செய்தது என் பைலில் எழுதப்படும். நல்ல முடிவு வந்தது என்பதற்காகப் பொய்யை விட்டுவிட முடியாது. நிரந்தர வேலைக்கு மேலே அனுப்பும் பெயர்களில் இந்த வருடம் என் பெயர் இருக்காது.

தலையாட்டினேன். கண் கலங்கியதை அவர் பார்க்காத மாதிரி இருந்தார். நல்ல மனிதர்.

பிறகு, "அந்தப் பட்டியலைக் கொண்டுவந்தீர்களா?" என்றார். யார் சொன்னார்கள்? கௌண்டரில் நான் படித்தது காதில் விழுந்திருக்கிறது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய்க் கறை வேறு. முழுதும் படித்தார். தலை சீவும் பெண்ணிடம் அவரும் நின்றார்.

"நம் பைல்களில் இதில் பாதி இல்லை," என்றார். "சீட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம்."

தற்காலிக வேலை இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. காலையில் இரண்டு மணி நேரம் கௌண்டரில் உட்கார வேண்டாம். கடை, பட்டறை, ஆலை என்று போய், என்ன வேலை இருக்கிறது, என்ன வரப்போகிறது என்று விசாரித்து எழுத வேண்டும். வயது போட்டிருந்தால் ஏன் என்றும்.

தண்டனையா, பரிசா? இரண்டும்தான் போலிருக்கிறது. அழுகையும் வந்தது, எங்கிருந்து தொடங்குவது என்ற யோசனையும் அதோடு சேர்ந்தே வந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

முதல் நாள். ஆறு இடம். மரம் அறுக்கும் ஆலையில் உள்ளேயே விடவில்லை. "பொம்பள இங்க என்னா பார்க்கணும்?" அச்சாபீஸில் காப்பி கொடுத்தார்கள். எழுத்துக் கோக்க ஆள் கிடைக்கவில்லையாம், தமிழுக்கும் சரி, மலாயை எழுதும் ஜாவிக்கும் சரி.

செருப்பு வார் அறுந்தது.

செப்டம்பர் 25, புதன்

சாயங்காலம் அங்கம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார், ஆலையிலிருந்து நேராக. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக உரிகிறது. பாழாவது குறைந்திருக்கிறதாம். அந்தச் சின்னப் பெண்கள் இவரை 'கொமரி' என்றே கூப்பிடுகிறார்களாம். "கூப்பிடட்டும். வீட்டுக்காரருகிட்ட சொன்னேன், அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு," என்றார்.

"எம்மேல கோவம் போயிருச்சாக்கா?"

"பாதி போயிருச்சி. மீதி சம்பளம் வந்தப்புறம் பார்ப்போம்."

பசியாறச் சொன்னோம். வேண்டாம் என்றார். போகும்போது அண்ணியிடம், "ஒங்களுக்கும் தையல் வருமாமே? அங்க துணி தைக்கிற மெஷினு நாலு சும்மா கெடக்கு. லிம்முகிட்ட கேட்டுப் பார்க்கவா?" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் துணிப்பையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், நிறுத்தவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

அண்ணனும் அண்ணியும் உள்ளே ரொம்ப நேரம் பேச்சு. கேட்கக்கூடாது. கேட்டேன்.

"மூணு மாசம் நீங்க அங்க பாருங்க. நானும் தனமும் இங்க பார்க்கிறோம். எது நெலைக்குதோ அங்க எல்லாரும் இருப்போம்." அண்ணி குரல் இவ்வளவு உறுதியாக நான் கேட்டதே இல்லை.

அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். "சரி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மெஷின் சத்தத்துல காது போயிரும். பஞ்சு வச்சிக்க," என்றார்.

செப்டம்பர் 28, சனி

வெயில் சீக்கிரமே. ஏழரை மணி பஸ். அண்ணன் புதுச் சட்டை, தலையில் அதிக எண்ணெய். அண்ணி அழவில்லை, பஸ் திரும்பிய பிறகு கொஞ்சம். பஸ் புறப்படும் முன் அண்ணன் ஜன்னலில் குனிந்து, "நீயாவது வந்திருக்கலாம் தனம். அங்க ஒனக்கு எத்தன ஆபீஸ்," என்றார்.

"இந்த ஊரையே இன்னும் பார்த்து முடிக்கலண்ணே."

என் கையைப் பிடித்தார், விட்டார். பஸ் போய்விட்டது. கையில் கிரீஸ் வாசனை.

அண்ணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தேன். பாச்சாங் போகிற முனையில், முன்பு வெறும் லாலான் புல் மண்டிக் கிடந்த இடத்தில் நான்கு பேர் நீளமாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்று இல்லை இது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"என்னா வருது இங்க?"

"தெரியலம்மா. குழி வெட்டச் சொன்னாங்க, வெட்டுறோம். வேல வாங்குற மண்டோருக்குத்தான் தெரியும்."

"அவரு எப்ப வருவாரு?"

"ஒம்பதுக்கு."

நின்றேன்.